இலவச பிளகினுக்கு யார் ஏஎம்சி போடுவது?

கல்யாண வீடியோவில் மணப்பெண் முகத்தில் விழுந்த பச்சை விளக்கின் சாயலை எடுப்பது, செல்போனில் இருட்டில் எடுத்த காட்சியில் பொரிபொரியாய்த் தெரியும் புள்ளிகளை மழுக்குவது, நடுங்கிய கையால் எடுத்ததை நிலைநிறுத்துவது: இதையெல்லாம் எடிட்டிங் மென்பொருளே செய்கிறது என்றுதான் நினைக்கிறோம். பல நேரம் செய்வது அதற்குள் செருகிவைத்த வேறொரு சின்ன நிரல். பிளகின் என்பார்கள். எடிட்டிங் மென்பொருளை எழுதியவர் ஒருவர், பிளகினை எழுதியவர் இன்னொருவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். இலவச மென்பொருள் உலகில் இருவருமே அதற்காகச் சம்பளம் வாங்காதவர்களாக இருக்கலாம்.

நான் அப்படி ஒருத்தி. பகலில் கோவையில் ஒரு நிறுவனத்தில் பம்புசெட்டுகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்கு நிரல் எழுதுகிறேன். இரவில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, சில வீடியோ பிளகின்களைப் பராமரிக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் சித்தி மகனுக்காக எழுத ஆரம்பித்தவை அவை. இணையத்தில் இலவசமாகப் போட்டேன். இன்று எந்த நாட்டில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஓடும்போது யாரும் எழுதுவதில்லை. நின்றுபோனால் பிரேசிலிலிருந்துகூட மின்னஞ்சல் வரும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இலவச பிளகினை எழுதினால் கைதட்டுகிறோம், ஹேக்கத்தானில் பரிசு கொடுக்கிறோம், கல்லூரியில் மதிப்பெண்கூடப் போடுகிறோம். அதை அடுத்த ஆண்டும் ஓடவைப்பதற்கு ஒன்றும் கிடையாது. உழைப்பில் பெரும்பங்கு போவதோ அங்கேதான்.

எங்களைப் போன்றவர்களுக்கு அடித்தளமாக இருப்பது ஃப்ரெயோர் என்ற ஏற்பாடு. (ஆங்கிலத்தில் எழுதும்போது ஓ எழுத்து வரவேண்டிய இடத்தில் பூஜ்ஜியம் போடுவார்கள், தேடுபவர்கள் கவனிக்க.) நார்வேயின் பெர்கன் நகரில் 2003-லிருந்து பிக்செல் என்றொரு விழா நடக்கிறது. இசைக்கு ஏற்ப மேடைத் திரையில் வீடியோவைக் கலந்து காட்டும் கலைஞர்கள், அதற்கான மென்பொருளைத் தாங்களே எழுதிக்கொள்பவர்கள் எல்லோரும் கூடும் இடம். ஆளுக்கொரு மென்பொருள் வைத்திருந்தார்கள். ஒருவர் எழுதிய எஃபெக்டை இன்னொருவர் பயன்படுத்த முடியவில்லை. அந்தத் தொல்லை தீர, 2004 வாக்கில் ஒரு சின்ன உடன்பாட்டுக்கு வந்தார்கள். சி மொழியில் ஒரே ஒரு ஹெட்டர் கோப்பு, அதில் பத்துப் பன்னிரண்டு ஃபங்ஷன்கள். இதோ ஒரு படம், இதோ நேரம், மாற்றித் திருப்பிக் கொடு. அவ்வளவுதான். அந்த உடன்பாட்டை ஏற்றுக்கொண்ட எந்த மென்பொருளிலும் எஃபெக்ட் ஓடும். கேடன்லைவ், ஷாட்கட், ஃப்ளோபிளேடு, எஃப்எஃப்எம்பெக், ஜிஸ்ட்ரீமர் என்று பலவும் இன்று அதை ஏற்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட எஃபெக்டுகள் சேர்ந்திருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமிலிருந்து இயங்கும் டைன் என்ற அமைப்பு அதைக் காத்துவருகிறது.

சுருக்கமாக இருந்ததால்தான் இருபது ஆண்டு பிழைத்தது. அந்தச் சுருக்கமே இப்போது இடிக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் அளவு என நான்கு எண்கள்; ஒவ்வொன்றும் 8 பிட், அதாவது 256 படிகள். 2004-ல் அது தாராளம். 2020-ல் வந்த ஐபோன் 12-லேயே 10 பிட்டில், 1,024 படிகளில் வீடியோ எடுக்க முடிந்தது. அதை 8 பிட் பிளகின் வழியாக அனுப்பினால், மண்டபச் சுவரில் மெல்ல மங்க வேண்டிய ஒளி பட்டை பட்டையாக வெட்டுப்படும். ஹெட்டரை மாற்றிவிட வேண்டியதுதானே என்றால், மாற்றலாம். மாற்றிய அன்றே நூற்றுச்சொச்சம் எஃபெக்டுகளையும் அவற்றை ஏற்றும் மென்பொருள்கள் அத்தனையையும் திருத்தியாக வேண்டும். யார் திருத்துவது?

படத்தின் அகலமும் உயரமும் எட்டின் மடங்காக இருக்க வேண்டும் என்பது அதே உடன்பாட்டின் இன்னொரு வரி. 1920, 1080, 3840, 2160 எல்லாம் எட்டால் வகுபடும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வரும் வீடியோவோ 478 அகலத்தில் வந்து நிற்கும். எட்டால் வகுத்தால் மீதி ஆறு. உடன்பாட்டை நம்பி எழுதிய நிரல் அந்தப் படத்தைச் சாய்வாக இழுத்துவிடும். துபாயிலிருந்து பெரியப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பப்போகும் ஆசீர்வாத வீடியோவை பெர்கனில் கூடியவர்கள் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

இது ஓர் ஏற்பாட்டின் கதை. நான் வேலை செய்வது மூன்று தளங்களில்: விண்டோஸ், மேக், லினக்ஸ். ஒரே நிரல்தானே, மூன்றிலும் ஓடாதா என்று என் அலுவலகத்தில்கூடக் கேட்பார்கள். நிறத்தை மாற்றும் கணக்கு மூன்றிலும் ஒன்றுதான். அந்தக் கணக்கைச் சுற்றியிருப்பதுதான் வேறு, அதுவும் சும்மா இருப்பதில்லை.

மேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் ஆப்பிள் நிறுவனத்தார் பவர்பிசி சில்லிலிருந்து இன்டெல்லுக்கு மாறினார்கள். பவர்பிசி ஓர் எண்ணின் பைட்டுகளை இன்டெல்லுக்கு நேர்மாறான வரிசையில் அடுக்கும். கவனிக்காத நிரல்களில் நிறங்கள் இடம் மாறின. 2018-ல், திரையில் படம் வரைய உதவும் ஓப்பன்ஜிஎல் இனி வேண்டாம், எங்கள் மெட்டலுக்கு வாருங்கள் என்றார்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் மெட்டல் கிடையாது. 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பு 32 பிட் நிரல்களை அடியோடு நிறுத்தியது. 2020 நவம்பரில் சொந்தச் சில்லான எம்1 வந்தது. பழைய இன்டெல் நிரல்களை ஓட்டிக்காட்ட மொழிபெயர்ப்பு வசதி கொடுத்தார்கள், நல்லதுதான். ஆனால் எடிட்டிங் மென்பொருள் புதிய சில்லுக்கான வடிவில் ஓடும்போது அதற்குள் இன்டெல் பிளகினை ஏற்ற முடியாது. பட்டியலில் பெயரே வராது. பிழைச் செய்தியும் வராது. பயனருக்குத் தெரிவதெல்லாம் நேற்றுவரை இருந்த எஃபெக்ட் இன்று காணோம் என்பது மட்டும்.

இதற்குமேல் நிரலுக்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். ஆப்பிளின் ஆண்டுச் சந்தா 99 டாலர், நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். அதைக் கட்டி, நிரலை அவர்களிடம் அனுப்பி முத்திரை வாங்காவிட்டால், இதை உருவாக்கியவர் யாரென்று தெரியவில்லை என்று கணினி பயமுறுத்தும். 2024-ல் வந்த செகோயா பதிப்பில் அந்த எச்சரிக்கையைத் தாண்டும் குறுக்குவழியையும் அடைத்துவிட்டார்கள்; செட்டிங்ஸுக்குள் போய்த் தேடி அனுமதிக்க வேண்டும். விண்டோஸிலும் இதே கதை. 2023 ஜூனிலிருந்து கையெழுத்துச் சாவியை அதற்கென்றுள்ள தனிக் கருவியில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆண்டுக்குச் சில நூறு டாலர். வைரஸ் பரவாமல் தடுக்கத்தான் இதெல்லாம், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஒரு பைசா வருமானம் இல்லாத பிளகினுக்கு நான் இரண்டு கம்பெனிக்குச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதை வீட்டில் விளக்கிச் சொல்லிப் பாருங்கள்.

லினக்ஸில் காசு கேட்பதில்லை. அங்கே தொல்லை வேறு மாதிரி: புதிய கணினியில் கம்பைல் செய்த பிளகின் பழைய லினக்ஸில் ஓடாது, அடிப்படை சி நூலகத்தின் பதிப்பு முந்தி நிற்கும். ஆகவே ஆகப் பழைய லினக்ஸ் ஒன்றை ஒரு மூலையில் உயிரோடு வைத்து, அதில்தான் கம்பைல் செய்ய வேண்டும்.

"அக்கா, நேத்து ஓடுச்சு, இன்னிக்கு ஓடல" என்றான் சித்தி மகன் ஒருநாள்.

"நடுவுல என்னடா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலக்கா. அப்டேட் கேட்டுச்சு, குடுத்தேன்."

அந்த "குடுத்தேன்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எடிட்டரின் புதிய பதிப்பு இருக்கலாம், அது நம்பியிருக்கும் எம்எல்டி நூலகத்தின் மாற்றம் இருக்கலாம், விண்டோஸின் பாதுகாப்புத் திருத்தம் இருக்கலாம், கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் இருக்கலாம். நான்கையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நாளில் வெளியிடுகிறார்கள். அவர்களில் யாரும் தவறு செய்யவில்லை. என் பிளகினில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் அது உடைந்துவிட்டது, அதைச் சரிசெய்ய வேண்டியவள் நான்.

இவன் என் தம்பி, நேரில் போய்ப் பார்க்கலாம். மற்றவர்கள் அனுப்புவது பெரும்பாலும் "ஓடவில்லை" என்ற ஒரு வரி. எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, எந்த வீடியோ என்று கேட்டுத் திருப்பி எழுதினால் பலர் பதிலே போடுவதில்லை. என் கண்ணெதிரே பிழை நிகழாமல் நான் எதைத் திருத்துவது? மூன்று இயங்குதளம், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பதிப்பு, நான்கைந்து எடிட்டர்கள் என்று பெருக்கிப் பாருங்கள். அத்தனை சேர்க்கையையும் வீட்டில் வைத்துச் சோதிக்க ஒரு தனி ஆளால் ஆகாது.

சில பிழைகளை நம் ஊரில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவே முடியாது. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். கணினியின் மொழி அமைப்பு பிரெஞ்சாக இருந்தால், 0.5 என்ற எண்ணை சி மொழியின் ஃபங்ஷன் புள்ளியோடு நிறுத்திவிட்டு பூஜ்ஜியம் என்று வாசிக்கும். ஃப்ரெயோரில் எல்லா அளவுகளும் பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்டவை. எனவே பாதி பிரகாசம் என்று சேமித்தது திறக்கும்போது கும்மிருட்டு. கேடன்லைவ் ஆட்கள் இதோடு பல காலம் மல்லுக்கட்டி, 2020 ஆகஸ்டில் வெளிவந்த 20.08 பதிப்பில் முடிவுகட்டினார்கள். அதற்கும் ஒரு விலை: அதில் சேமித்த வேலையைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. பொள்ளாச்சியில் யாருக்கும் இந்தப் பிரச்சினை வந்ததே கிடையாது.

மறுபக்கம், பாரிஸிலும் பெர்லினிலும் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாத பிழைகள் நமக்கு உண்டு. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே இருக்கிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஸ்டூடியோக்களில் கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைக்கிறார்கள். வைக்கட்டுமே, அவர்கள் மொழி. நிறத்தை மாற்றும் அட்டவணைக் கோப்பு ஒன்றை "கல்யாணம்" என்ற கோப்புறையில் வைத்து என் பிளகினைத் திறக்கச் சொன்னால், லினக்ஸில் திறக்கும், மேக்கில் திறக்கும், விண்டோஸில் திறக்காது. சி மொழியின் பழைய கோப்பு திறக்கும் ஃபங்ஷன் விண்டோஸில் அந்தந்த மொழிக்கான பழைய குறியீட்டுப் பக்கத்தின் வழியாகத்தான் பெயரை வாசிக்கும். ரஷ்ய மொழிக்கு அப்படி ஒரு பக்கம் உண்டு, ஜப்பானியத்துக்கு உண்டு, தமிழுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. எனவே மாஸ்கோவில் எழுதியவர் தன் மொழியில் பெயர் வைத்துச் சோதித்தாலும் அது ஓடும், பிழை இல்லை என்றுதான் முடிவுகட்டுவார். விண்டோஸுக்கு மட்டும் தனி ஃபங்ஷன் வைத்து எழுதினால்தான் தீரும். உலகத்தில் இலவச பிளகின் எழுதுபவர்களில் எத்தனை பேர் இதைச் செய்திருப்பார்கள்?

இன்னொன்று இதைவிட விசித்திரம். "கொலு" என்று ஒரு கோப்புக்குப் பெயர். யூனிகோடில் "கொ"வின் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய கோப்பு முறை, 2017-ல் புதியது வரும்வரை, எல்லாப் பெயர்களையும் இரண்டாகப் பிரித்துத்தான் சேமித்தது. அந்த மேக்கில் வேலை பார்த்துவிட்டு பென்டிரைவில் விண்டோஸுக்குக் கொண்டுபோனால், எடிட்டரின் குறிப்பில் இருக்கும் "கொலு" ஒன்று, கோப்புறையில் இருக்கும் "கொலு" வேறொன்று. கோப்பைக் காணோம் என்று மென்பொருள் சொல்லும், கோப்போ கண்முன்னே இருக்கும். ஸ்டூடியோவில் இருப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார்? ஹார்டுடிஸ்க் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

எழுத்தைத் திரையில் வரைவதும் அப்படியே. எஃப்எஃப்எம்பெக்கில் வீடியோமேல் எழுத்து பதிக்க டிராடெக்ஸ்ட் என்ற ஃபில்டர் உண்டு. அதில் "திருவளர்செல்வி" என்று எழுதினால் கொம்பு "ச"வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. எழுத்துகளை மொழியின் மரபுப்படி அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் நூலகம் அதில் இணைந்தது 2023 நவம்பரில் வந்த 6.1 பதிப்பில்தான். அதுவரை தமிழ், இந்தி, மலையாளம் எல்லாம் சிதறித்தான் கிடந்தன. நம் ஸ்டூடியோக்கள் ஏன் இன்னும் பாமினி எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுகின்றன என்று தமிழ்க் கணிமை அறிஞர்கள் வருத்தப்படுவார்கள். பாமினியில் கொம்பைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுகிறோம், அதனால் எந்த மென்பொருளிலும் அது இடம் மாறாது. பத்திரிகை அச்சடித்த குடும்பத்துக்கு முன்னால் மணப்பெண் பெயர் உடையாமல் வர வேண்டும், அவர்களுக்கு அது போதும். அவர்கள் பிற்போக்காளர்கள் இல்லை. ஏற்கெனவே அடிபட்டவர்கள்.

தமிழில் இப்படி உடைகிறது என்று எஃப்எஃப்எம்பெக்கிடம் நம்மவர்களில் எத்தனை பேர் சொல்லியிருப்போம்? நம் மொழியில் சோதித்துப் பார்க்க நம்மைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.

உரிமச் சிக்கலையும் ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஃப்ரெயோர் எஃபெக்டுகள் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பவை. மூலநிரலை மூடிவைத்து விற்கும் எடிட்டர்கள் அவற்றைச் சேர்த்துக் கொடுக்க முடியாது. அந்தப் பெரிய எடிட்டர்களுக்கென ஓப்பன்எஃப்எக்ஸ் என்ற வேறொரு உடன்பாடு இருக்கிறது. லண்டனின் ஃபவுண்ட்ரி நிறுவனத்தில் 2004-ல் பிறந்தது, இப்போது ஆஸ்கர் அகாடமியும் லினக்ஸ் ஃபவுண்டேஷனும் 2018-ல் அமைத்த அறக்கட்டளையின் அடைக்கலத்தில் இருக்கிறது. அதையும் ஆதரிக்க வேண்டுமென்றால் ஒரே எஃபெக்டுக்கு இரண்டு உறை தைக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் எனக்குப் பாடம் சொன்னது நேட்ரான். படக்காட்சிகளை அடுக்கடுக்காகச் சேர்க்கும் இலவச மென்பொருள், மூன்று தளங்களிலும் ஓடும். பிரெஞ்சு அரசின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்து, 2014-ன் கடைசியில் முதல் முழுப் பதிப்பு வந்தது. அதோடு சேர்ந்து வந்த ஓப்பன்எஃப்எக்ஸ் பிளகின்கள் வேறு எடிட்டர்களிலும் ஓடின. அந்த ஆதரவு முடிந்து தன்னார்வலர் கைக்கு வந்தபிறகு வேகம் தெரிகிற அளவுக்குக் குறைந்தது. பராமரிக்க ஆள் வேண்டும் என்று திட்டமே வெளிப்படையாகக் கேட்டது. திறமைக்குக் குறைவில்லை, புகழுக்கும் குறைவில்லை. மாதச் சம்பளத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான் காலியாகிவிட்டது.

இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு ஏன் புலம்புகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நான் நிரலை இலவசமாகக் கொடுத்தேன். அடுத்த பத்து ஆண்டின் இரவுகளைக் கொடுப்பதாக எங்கும் எழுதித் தரவில்லை. உரிமப் பத்திரத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது: எந்த உத்தரவாதமும் கிடையாது. நம் வீட்டில் ஆர்ஓ தண்ணீர் இயந்திரம் வாங்கினால், விலை கொடுத்து முடித்த பிறகும் ஆண்டுதோறும் ஏஎம்சி கட்டுகிறோம். ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், ஆள் வர வேண்டும் என்று தெரியும். ஸ்டூடியோக்காரர்கள் யுபிஎஸ்ஸுக்குக் கட்டுகிறார்கள், ஏசிக்குக் கட்டுகிறார்கள். வாங்கும் விலை பூஜ்ஜியம் என்றால் மட்டும் பராமரிப்பும் பூஜ்ஜியம் என்று எப்படி முடிவுசெய்கிறோம்?

இது நம் ஊர் புத்தி மட்டும் இல்லை. 2024-ல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர், தங்கள் டீம்ஸ் சேவை நம்பியிருக்கும் எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு பிழையை அவசரமாகக் கவனிக்கும்படி அந்தத் தன்னார்வலர்களிடம் கேட்டார். பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள் என்றார்கள் அவர்கள். ஒரே தவணையாகச் சில ஆயிரம் டாலர் தருகிறோம் என்று பதில் வந்ததாக எஃப்எஃப்எம்பெக் தரப்பு பொதுவெளியில் சொல்லி, இதை ஏற்க முடியாது என்றது. தொகை சின்னது என்பதுகூட எனக்குப் பெரிதில்லை. "ஒரே தவணை" என்பதுதான் உறுத்தியது.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன, மறைக்கக் கூடாது. ஜெர்மன் அரசின் சாவரின் டெக் ஃபண்ட் 2024-ல் எஃப்எஃப்எம்பெக்குக்குப் பணம் ஒதுக்கியது, அதுவும் பராமரிப்புக்கென்றே. பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் ஃபிளாஸ் ஃபண்ட் என்ற பெயரில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் அறிவித்தது. எஃப்எஃப்எம்பெக்குக்கு அதிலிருந்து 1 லட்சம் டாலர் போனது. இந்தியப் பணம் உலகத்தின் பொது மென்பொருளுக்குப் போனதில் எனக்கு உண்மையிலேயே பெருமை. ஆனால் நிதி தருபவர்கள் பெயர் தெரிந்த மரத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. முப்பது பேர் பயன்படுத்தும் ஒரு நிறத் திருத்த பிளகின் எந்த விண்ணப்பப் படிவத்திலும் அடங்காது. அதற்கு அந்த முப்பது பேர்தான் வழி செய்ய வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். மாவட்டந்தோறும் வீடியோகிராஃபர் சங்கங்கள் இருக்கின்றன. கேமரா கண்காட்சி நடத்துகிறார்கள், ஆண்டு விழா நடத்துகிறார்கள். உறுப்பினர்கள் தினமும் பயன்படுத்தும் இலவசக் கருவிகள் எவை என்று ஒரு பட்டியல் எடுத்து, கல்யாண ஆர்டர் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் ஒதுக்கினால் போதும். எனக்குத் தரச் சொல்லவில்லை. ஃப்ரெயோருக்கோ கேடன்லைவுக்கோ போகட்டும். கேரளத்தில் அரசின் கைட் அமைப்பு பள்ளி மாணவர்களுக்கு கேடன்லைவ் கற்றுத்தருகிறது. கற்றுத்தரும் அரசுகள் பராமரிப்புக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி போடலாம்.

காசைவிட அதிகமாக நான் எதிர்பார்ப்பது பொறியியல் கல்லூரிகளிடம். எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட் என்றால் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் கருவியை ஒவ்வொரு ஆண்டும் யாராவது புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். காந்திபுரத்தில் புராஜெக்ட் சென்டரில் காசு கட்டினால் ரிப்போர்ட்டும் சேர்த்துத் தருகிறார்கள். வைவாவில் "இதில் நாவல்ட்டி என்ன?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஏற்கெனவே இருக்கும் ஓர் இலவச பிளகினை எடுத்து, தமிழ்க் கோப்புப் பெயரோடு மூன்று தளத்திலும் ஓட்டிப் பார்த்து, உடையும் இடத்தைக் கண்டுபிடித்து, திருத்தி, அதை மூலத் திட்டம் ஏற்றுக்கொள்ளும்வரை விடாமல் பேசி முடித்தால், அதற்கு முழு மதிப்பெண் கொடுக்க எந்தத் தேர்வாளர் தயார்? முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை வாசித்துப் புரிந்துகொள்வது, வேலைக்குப் போன முதல் வாரமே அந்தப் பிள்ளைகள் செய்யப்போகும் காரியம். அதை ஏன் கல்லூரி ஒரு திறமையாகவே எண்ணுவதில்லை என்று எனக்குப் புரிந்ததில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சாக வேண்டிய பிளகின்கள் சாகலாம். பழைய டிவி போலக் கோடு விழவைக்கும் எஃபெக்டை நான் ஏற்கெனவே நிறுத்திவிட்டேன், ஒருவரும் கேட்கவில்லை. பராமரிப்பவருக்கு நிறுத்தும் உரிமையும் இருக்க வேண்டும், திட்டு வாங்காமல்.

ஆனால் களைத்துப்போன ஆளின் கையிலிருந்து யாராவது வாங்கிக்கொண்டால் சரி என்று விட்டுவிடவும் முடியாது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் சோர்ந்திருந்தபோது, உதவிக்கு வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். பிறகு அதற்குள் கள்ளக் கதவு ஒன்றை வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவியதால் பிடிபட்டது.

அதனால் என் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த பதிப்பிலிருந்து இன்டெல் மேக்குக்கான வடிவத்தை நான் வெளியிடப்போவதில்லை. சோதிக்க என்னிடம் கணினி இல்லை. யாருக்காவது அது தேவை, கையில் பழைய மேக்கும் இருக்கிறது என்றால், நிரல் முழுவதும் திறந்துதான் கிடக்கிறது, கம்பைல் செய்யும் முறையை எழுதிவைத்திருக்கிறேன், சந்தேகம் கேட்டால் பதில் சொல்வேன். வெளியிடும் உரிமையும் பிறகு தரலாம். கையெழுத்துச் சாவியை மட்டும் கேட்காதீர்கள். முதலில் ஓர் ஆண்டு திருத்தங்கள் அனுப்பட்டும், வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசட்டும், அதற்கப்புறம் யோசிக்கலாம்.